பங்கீடும் கூட்டுறவும்: கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் அனுபவம்

ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராக விளங்கும் ஆப்பிரிக்க நாடுகள் 54. இவற்றுள் 16 நாடுகளுக்குக் கடற்கரை கிடையாது. பல நாடுகளின் மக்கள்தொகை நமது நாட்டின் ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையைக் காட்டிலும் குறைவு. ஐரோப்பிய வல்லரசுகள் தங்கள் வசதிக்கேற்ப வரைந்த எல்லைக் கோடுகளே இந்நாடுகளின் எல்லைகளாக நிலைத்துவிட்டன. உருக்காலை, உரத் தொழிற்சாலை, சிமெண்ட் ஆலை போன்றவை இலாபகரமாக இயங்க வேண்டுமாயின் பெரிய சந்தை தேவை. அத்தகைய சந்தை தனியொரு சிறு நாட்டில் அமைவதில்லை. எனவே அண்டை நாடுகள் தம் சந்தைகளை இணைத்துக்கொள்வது வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்ற கருத்து, ஆப்பிரிக்க நாடுகள் விடுதலை பெற்ற நாள் முதலாகவே வலியுறுத்தப்பட்டு வந்துள்ளது.

எனினும், இணைப்பினால் விளையும் ஆதாயம் எல்லா நாடுகளுக்கும் சம அளவில் கிடைப்பதில்லை. கூட்டுறவின் அடிப்படைச் சிக்கல் இதுவே. இச்சிக்கலைத் தெளிவாக உணர்த்துவது கென்யா, உகாண்டா, டான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் அனுபவமாகும். இவை 1967இல் ஒரு சமூகத்தை அமைத்து, பத்தே ஆண்டுகளில் அதனை இழந்து, 22 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

இருப்புப் பாதை வகுத்த உறவு

இம்மூன்று நாடுகளின் பொருளாதாரத் தொடர்பு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் தோன்றியது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை 1896ஆம் ஆண்டு தொடங்கி 1901ஆம் ஆண்டு வரை உகாண்டா இருப்புப் பாதை அமைக்கப்பட்டது. இப்பணிக்காக இந்தியாவிலிருந்து சுமார் 32,000 தொழிலாளர்கள் ஒப்பந்த முறையில் அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் ஏறத்தாழ 2,500 பேர் அங்கேயே உயிர் நீத்தனர். 1920 வரை இப்பகுதியில் இந்திய ரூபாயே செலாவணியில் இருந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

கென்யாவும் உகாண்டாவும் 1917இல் சுங்க ஒன்றியமாக இணைந்தன. 1920களில் டாங்கனிக்காவும் இதில் படிப்படியாகச் சேர்ந்தது. 1919இல் பொது நாணய வாரியம் அமைந்தது. 1948இல் கிழக்கு ஆப்பிரிக்க ஹை கமிஷன் நிறுவப்பட்டது. இரயில், துறைமுகம், அஞ்சல், தந்தி, சுங்க வசூல், வருமான வரி வசூல், விவசாய ஆராய்ச்சி ஆகியவை பொதுப்பணிகளாக நடைபெற்றன. சுதந்திரத்திற்கு முன்பே இத்துணை நெருங்கிப் பின்னிப் பிணைந்த அண்டை நாடுகளை வளர்முக உலகில் காண்பது அரிது.

இந்த ஒற்றுமையை அரசியல் ஒற்றுமையாகவும் மாற்றிவிட முடியும் என்று தலைவர்கள் நம்பினர். கூட்டாட்சி அமையுமாயின் டாங்கனிக்காவின் சுதந்திரத்தைச் சிறிது காலம் தள்ளிவைக்கவும் தாம் ஆயத்தமாக இருப்பதாக ஜூலியஸ் நைரேரே 1960இல் அறிவித்தார். 1963 ஜூன் மாதத்தில் நைரேரே, ஜோமோ கென்யாட்டா, மில்டன் ஒபோட்டே ஆகிய மூவரும் நைரோபியில் கூடிக் கூட்டாட்சி அமைப்பது குறித்துக் கூட்டறிக்கை வெளியிட்டனர். ஆனால், மூன்று நாடுகளும் தனித்தனியே விடுதலை பெற்ற பின்னர் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க எந்த நாடும் முன்வரவில்லை. கூட்டாட்சித் திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சியது பொருளாதார ஒத்துழைப்பு மட்டுமே.

ஆதாயம் யாருக்கு?

சுங்க ஒன்றியத்தின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் விளக்கலாம். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு துணியின் விலை 100 ஷில்லிங் என்றும், அதன் மீது உகாண்டா விதிக்கும் தீர்வை 30 ஷில்லிங் என்றும் கொள்வோம். உகாண்டா மக்கள் அதற்கு 130 ஷில்லிங் கொடுக்கின்றனர். அதில் 30 ஷில்லிங் அவர்களுடைய அரசின் கருவூலத்தையே சேர்கிறது. ஒன்றியம் அமைந்த பின்னர், கென்யாவில் உற்பத்தியாகும் அதே துணி தீர்வையின்றி 125 ஷில்லிங்கிற்கு உகாண்டாவில் விற்கப்படுகிறது. வாங்குவோருக்கு 5 ஷில்லிங் மிச்சம். ஆனால் கருவூலத்திற்கு 30 ஷில்லிங் இழப்பு. ஆகவே உகாண்டாவுக்கு நிகர இழப்பு 25 ஷில்லிங். கென்யாவுக்கோ தொழிற்சாலை, வேலைவாய்ப்பு, இலாபம், அவற்றின் மீது வரி ஆகிய அனைத்தும் கிடைக்கின்றன.

இதனைப் பொருளியல் வல்லுநர்கள் வணிகத் திசைமாற்றம் என்பர். கிழக்கு ஆப்பிரிக்காவில் இது வெறும் ஏட்டுக் கணக்காக இருக்கவில்லை. ஐரோப்பியக் குடியேற்றம் மிகுந்திருந்த கென்யாவில்தான் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் தொழிற்சாலைகளும் குவிந்திருந்தன. புதிதாகத் தொழில் தொடங்க வருவோரும் மின்சாரமும் பயிற்சி பெற்ற தொழிலாளரும் போக்குவரத்தும் ஏற்கெனவே உள்ள நைரோபியையே நாடினர். பொதுச் சந்தை விரிவடைய விரிவடைய, கென்யாவுக்கும் ஏனைய இரு நாடுகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வும் வளர்ந்தது.

இதற்குப் பரிகாரம் தேடும் முயற்சி 1960இல் தொடங்கியது. இந்தியாவில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் நிதி உறுப்பினராகப் பணியாற்றிய சர் ஜெரமி ரெய்ஸ்மன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. உற்பத்தித் துறை, நிதித் துறை நிறுவனங்களின் இலாபத்தின் மீதான வருமான வரியில் 40 விழுக்காட்டையும், சுங்கம், கலால் வருவாயில் 6 விழுக்காட்டையும் ஒரு பொது நிதியில் சேர்க்குமாறு அக்குழு பரிந்துரைத்தது. அந்நிதியில் பாதி பொதுப்பணிகளின் செலவுக்கு. மறுபாதி மூன்று நாடுகளுக்கும் சமமாகப் பிரித்தளிக்கப்படும். கென்யாவிலிருந்தே பெரும்பங்கு வசூலானமையால், சமப் பங்கீடு என்பது கென்யாவிலிருந்து மற்ற இரு நாடுகளுக்கு ஓரளவு நிதி செல்வதையே குறித்தது.

நமது நாட்டில் அரசியலமைப்பின் 280ஆவது பிரிவின்படி அமைக்கப்படும் நிதிக் குழு ஆற்றும் பணியின் ஒரு சிறு வடிவம் இது எனலாம். ஆனால் ரெய்ஸ்மன் வகுத்த ஏற்பாடு பணத்தைப் பகிர்ந்தளித்ததேயன்றித் தொழில்களைப் பகிர்ந்தளிக்கவில்லை. தொழில்களைப் பங்கிட 1964இல் கம்பாலாவில் ஓர் ஒப்பந்தம் உருவாயிற்று. கென்யா அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அண்டை நாட்டுப் பொருள்களுக்கு டான்சானியா கட்டுப்பாடுகளை விதிக்கத் தொடங்கியது. 1966இல் மூன்று நாடுகளும் தனித்தனி மத்திய வங்கிகளையும் நாணயங்களையும் ஏற்படுத்திக்கொண்டன.

1967 உடன்படிக்கை

நிலைமை முற்றுவதைக் கண்ட மூன்று அரசுகளும் டென்மார்க் நாட்டுப் பொருளியல் அறிஞர் ஜெல் பிலிப் தலைமையில் ஒரு குழுவை நியமித்தன. அக்குழுவின் ஆய்வின் அடிப்படையில் 1967 ஜூன் 6ஆம் நாள் கம்பாலாவில் உடன்படிக்கை கையெழுத்தாகி, டிசம்பர் 1ஆம் நாள் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் நடைமுறைக்கு வந்தது. ஆதாயப் பங்கீட்டுக்கு அதில் மூன்று வழிகள் வகுக்கப்பட்டன.

முதலாவது, ஈடுகட்டு வரி. ஏனைய இரு நாடுகளுடனான உற்பத்திப் பொருள் வாணிபத்தில் பற்றாக்குறை கண்ட நாடு, தன்னிடமும் உற்பத்தியாகும் பொருள்களை அவற்றிலிருந்து இறக்குமதி செய்யும்போது வெளிநாட்டுத் தீர்வையில் பாதி அளவுக்கு மேற்படாமல் வரி விதிக்கலாம். எட்டு ஆண்டுகளுக்கு மேல் எந்த வரியும் நீடிக்கக் கூடாது.

இரண்டாவது, வளர்ச்சி வங்கி. மூன்று நாடுகளும் சம அளவில் மூலதனம் இடவேண்டும். ஆனால் முதலீட்டில் டான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் தலா 38.75 விழுக்காடு, கென்யாவுக்கு 22.5 விழுக்காடு மட்டுமே.

மூன்றாவது, தலைமையகங்களின் பரவல். சமூகத்தின் செயலகம் டான்சானியாவின் அருஷா நகருக்கு மாற்றப்பட்டது. துறைமுகக் கழகம் தார்-எஸ்-சலாமிலும், அஞ்சல் தொலைத்தொடர்புக் கழகமும் வளர்ச்சி வங்கியும் கம்பாலாவிலும், இரயில்வேயும் விமானக் கழகமும் நைரோபியிலும் அமைந்தன.

முறிவுக்கான காரணங்கள்

இவ்வளவு கவனத்துடன் வகுக்கப்பட்ட அமைப்பு பத்து ஆண்டுகள் கூட நிலைக்காமற் போனது ஏன்? முதற்காரணம், வகுத்த பரிகாரம் நோயின் அளவுக்குப் போதுமானதாக இல்லை. வளர்ச்சி வங்கியின் மூலதனம் சிறிது. ஈடுகட்டு வரி ஒவ்வொரு நாடும் ஒரே வகையான சிறு தொழிற்சாலைகளை அமைக்கத் தூண்டியது. பெரிய சந்தையின் பயனே இதனால் குன்றியது.

இரண்டாவது காரணம், கொள்கை வேறுபாடு. உடன்படிக்கை கையெழுத்தான அதே 1967ஆம் ஆண்டில்தான் டான்சானியா அருஷா பிரகடனத்தின் வாயிலாகச் சோஷலிசப் பாதையை மேற்கொண்டது, வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. கென்யா தனியார் துறைக்கும் அந்நிய மூலதனத்திற்கும் ஊக்கம் அளித்தது. தொழில்களை எங்கு அமைப்பது என்பதைத் திட்டமிட்டே முடிவு செய்யவேண்டும் என்ற நாடும், முதலீட்டாளரின் விருப்பத்திற்கு விடவேண்டும் என்ற நாடும் ஒரு பொதுத் தொழிற்கொள்கையில் ஒன்றுபடுவது எளிதன்று.

மூன்றாவது காரணமே உடனடி முறிவுக்கு வழிகோலியது. சமூகத்தின் உச்ச அமைப்பு மூன்று அதிபர்களைக் கொண்ட ஆணையமாகும். முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும். 1971 ஜனவரியில் உகாண்டாவில் இதி அமீன் இராணுவப் புரட்சியின் மூலம் ஆட்சியைக் கைப்பற்றினார். அவருடன் ஒரே மேசையில் அமர நைரேரே மறுத்துவிட்டார். அதன் பின்னர் ஆணையம் ஒருமுறைகூடக் கூடவில்லை. 1972இல் இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினரைத் தொண்ணூறு நாட்களுக்குள் வெளியேறுமாறு அமீன் உத்தரவிட்டதும், உகாண்டாவின் வணிகமும் தொழிலும் நிலைகுலைந்தன. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, இரயில்வே முதலிய பொதுக் கழகங்கள் தத்தம் நாட்டில் ஈட்டிய பணம் தலைமையகத்துக்குச் செல்லாமல் அந்தந்த நாட்டிலேயே தங்கத் தொடங்கியது. இச்சிக்கல்களைத் தீர்க்கும் அதிகாரம் அதிபர்களுக்கே உண்டு, அதிபர்களோ சந்திப்பதில்லை.

1977 தொடக்கத்தில் விமானக் கழகம் நின்றது. கென்யா தனக்கென விமான நிறுவனத்தைத் தொடங்கியது. பிப்ரவரியில் கென்யாவுடனான எல்லையை டான்சானியா மூடியது. ஜூன் 30ஆம் நாள் நிதியாண்டு முடிவடைந்தபோது அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. சமூகம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

முறிவின் விலை

கூட்டுறவினால் யாருக்கு எவ்வளவு ஆதாயம் என்று கணக்கிட்டுச் சலித்த நாடுகள், கூட்டுறவு இல்லாமையின் விலையை விரைவிலேயே உணர்ந்தன. கென்யத் தொழிற்சாலைகள் டான்சானியச் சந்தையையும், டான்சானியா வழியே ஜாம்பியாவுக்குச் செல்லும் சாலையையும் இழந்தன. நைரோபி வழியாக வந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளை டான்சானியா இழந்தது. 1978 அக்டோபரில் உகாண்டாப் படைகள் டான்சானியாவின் காகேரா பகுதிக்குள் நுழைந்தன; தொடர்ந்து நிகழ்ந்த போரின் இறுதியில், 1979 ஏப்ரலில் டான்சானியப் படைகள் கம்பாலாவைக் கைப்பற்றின. ஒரே நாணயத்தையும் ஒரே இரயில்வேயையும் கொண்டிருந்த நாடுகள் போர்க்களத்தில் சந்தித்தன.

சொத்துகளைப் பிரிப்பது மற்றொரு நீண்ட பணி. சுவிட்சர்லாந்து நாட்டு அரசதந்திரி விக்டர் உம்பிரிக்ட் மத்தியஸ்தராகப் பல ஆண்டுகள் உழைத்தார். 1983 நவம்பரில் எல்லை மீண்டும் திறக்கப்பட்டது. 1984 மே மாதம் அருஷாவில் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கென்யாவுக்கு 42, டான்சானியாவுக்கு 32, உகாண்டாவுக்கு 26 விழுக்காடு என்று சொத்துகள் பிரிக்கப்பட்டன. எதிர்காலத்தில் மீண்டும் ஒத்துழைப்பதற்கான வாய்ப்புகளை ஆராய்வது என்ற விதியும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. வளர்ச்சி வங்கி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான குழு போன்ற சில அமைப்புகள் முறிவுக்குப் பின்னும் தொடர்ந்து இயங்கின. மேலிடத்து உறவு முறிந்தாலும், தெளிவான பணியும் தனி நிதியும் கொண்ட நிறுவனங்கள் பிழைத்திருக்கும் என்பதற்கு இவை சான்று.

மீண்டும் ஒரு முயற்சி

1993இல் முத்தரப்பு ஆணையம் அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. 1996இல் அருஷாவில் அதன் செயலகம் இயங்கத் தொடங்கியது. 1999 நவம்பர் 30ஆம் நாள் கையெழுத்தான புதிய உடன்படிக்கை 2000 ஜூலை 7ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பழைய சமூகம் ஏன் முறிந்தது என்பதை இவ்வுடன்படிக்கையின் முகவுரையே கூறுகிறது. அரசியல் உறுதியின்மை, தனியார் துறையும் பொதுமக்களும் பங்குகொள்ளாமை, ஆதாயம் சமனற்றுப் பங்கிடப்பட்டமை, அதனைச் சரிசெய்யும் கொள்கைகள் போதாமை ஆகியவை அங்கு காரணங்களாகக் கூறப்பட்டுள்ளன.

பெற்ற பாடத்தின் விளைவைச் சுங்க ஒன்றியத்தின் விதிகளில் காணலாம். 2005 ஜனவரி 1 முதல் உகாண்டாவின் பொருள்களும் டான்சானியாவின் பொருள்களும் கென்யாவுக்குள் தீர்வையின்றி நுழைந்தன. ஆனால் கென்யாவின் குறிப்பிட்ட சில பொருள்கள் மீது மற்ற இரு நாடுகளும் ஐந்து ஆண்டுகள் வரை தீர்வை விதித்து, அதனை ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே வரலாம். வலிமை மிக்க நாடு முதலில் கதவைத் திறக்க, வலிமை குறைந்த நாடுகள் ஆயத்தமாக அவகாசம் பெற்றன. 2010இல் இந்த இடைக்காலம் முடிந்தது. அதே ஆண்டு ஜூலையில் பொதுச் சந்தையும் நடைமுறைக்கு வந்தது.

நிறுவனங்களும் வலுப்பெற்றன. அருஷாவில் சட்டமன்றமும் நீதிமன்றமும் அமைந்தன. உறுப்பு நாடொன்றின் செயல் உடன்படிக்கைக்கு முரணானது எனக் கருதும் எவரும், அங்கு வசிப்பவராயின், இந்நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். 2014 முதல் செயற்படத் தொடங்கிய ஒருங்கிணைந்த சுங்கப் பரப்பு முறையில், சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போதே வரி மதிப்பிடப்படுகிறது. மலாபா, புசியா போன்ற எல்லைச் சாவடிகளில் இரு நாட்டு அதிகாரிகளும் ஒரே கட்டடத்தில் அமர்ந்து பணியாற்றுகின்றனர். இதனால் மொம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்குச் சரக்கு செல்லும் காலம் வாரக் கணக்கிலிருந்து நாள் கணக்குக்குக் குறைந்தது. கடற்கரையற்ற உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் இதன் மதிப்பு மிகப் பெரிது.

விரிவும் வலிமையும்

மூன்று நாடுகளுடன் தொடங்கிய சமூகத்தில் 2007இல் ருவாண்டாவும் புருண்டியும், 2016இல் தென் சூடானும், 2022இல் காங்கோ ஜனநாயகக் குடியரசும், 2024இல் சோமாலியாவும் இணைந்தன. எட்டு நாடுகளின் மொத்த மக்கள்தொகை 30 கோடியைக் கடந்துள்ளது. எனினும் பரப்பு பெருகிய அளவுக்கு உறவு இறுகவில்லை. உறுப்பு நாடுகள் தமக்குள் நடத்தும் வாணிபம் அவற்றின் மொத்த வாணிபத்தில் 2022இல் சுமார் 15 விழுக்காடு மட்டுமே. 2024க்குள் பொது நாணயம் என்று 2013இல் கையெழுத்தான இலக்கு நிறைவேறவில்லை. எல்லா நாடுகளும் சம அளவில் செலவைப் பகிரவேண்டும் என்று உடன்படிக்கை வகுத்த போதிலும், சந்தா பாக்கி தொடர்ந்து சிக்கலாக இருந்து வந்துள்ளது. மிகச் சிறிய பொருளாதாரமும் மிகப் பெரிய பொருளாதாரமும் ஒரே தொகையைச் செலுத்துவது சமமாகத் தோன்றலாம். அது நியாயமானதா என்பது வேறு கேள்வி.

அரசியல் பூசல்களும் ஓயவில்லை. உகாண்டாவுடனான முக்கிய எல்லைச் சாவடியை 2019 பிப்ரவரியில் மூடிய ருவாண்டா, 2022 ஜனவரி இறுதியில்தான் திறந்தது. பொதுச் சந்தை விதிகள் நடைமுறையில் இருந்தபோதே இது நிகழ்ந்தது. கிழக்குக் காங்கோவில் அமைதி காக்க 2022இல் அனுப்பப்பட்ட சமூகத்தின் படை, காங்கோ அரசின் அதிருப்தியால் 2023 டிசம்பரில் திரும்பியது. 2025 ஜனவரியில் கோமா நகரம் கிளர்ச்சியாளர் வசமானபோது கூட்டப்பட்ட அவசர உச்சி மாநாட்டில் காங்கோ அதிபர் கலந்துகொள்ளவில்லை. இது 1971இன் நிலையை நினைவூட்டுகிறது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அன்று ஒரு நாற்காலி காலியானதும் அமைப்பு முழுவதும் நின்றது. இன்று சுங்கச் சாவடிகளும் நீதிமன்றமும் செயலகமும் தத்தம் பணியைத் தொடர்கின்றன.

இச்சிக்கல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. 1975 மே மாதம் லாகோஸ் நகரில் உருவான மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரச் சமூகத்திலிருந்து மாலி, புர்க்கினா பாசோ, நைஜர் ஆகிய மூன்று நாடுகளும் 2025 ஜனவரியில் வெளியேறின. இம்மூன்றும் கடற்கரையற்றவை, அண்டை நாடுகளின் துறைமுகங்களையே நம்பியிருப்பவை. பொருளாதார நன்மை எவ்வளவு தெளிவாக இருப்பினும், அரசியல் மனத்தாங்கல் அதனை மீறிச் செல்லக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

படிப்பினை

2019இல் நடைமுறைக்கு வந்த ஆப்பிரிக்கக் கண்டத் தடையில்லா வணிகப் பகுதி ஒப்பந்தம், கிழக்கு ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகள் சந்தித்த அதே வினாவைக் கண்டம் முழுவதற்கும் எழுப்புகிறது. சந்தை விரிவடையும்போது தொழில்கள் வளர்ந்த இடத்தையே மேலும் நாடும். அதனைத் தானாகச் சரிசெய்யும் ஆற்றல் சந்தைக்கு இல்லை. கூட்டாட்சி நாடொன்றில் இதற்கு நிதிக் குழுவும் திட்டச் செலவும் உண்டு. தொழிலாளி தடையின்றி இடம்பெயரவும் இயலும். தனித்தனி நாடுகள் அமைக்கும் ஒன்றியத்தில் இவற்றை ஒவ்வொன்றாக உடன்பாட்டின் மூலமே உருவாக்க வேண்டியுள்ளது.

பழைய சமூகம் பங்கீட்டு விதிகளைக் கொண்டிருந்தது. அவற்றைத் தலைவர்களின் நட்பையும் பகைமையையும் கடந்து செயற்படுத்தும் அமைப்பு அதற்கு இல்லை. புதிய சமூகத்திடம் அமைப்புகள் உள்ளன. ஆனால் 2010க்குப் பின் பங்கீட்டுக்கான ஏற்பாடுகள் மெலிந்துவிட்டன. வறுமையும் உள்நாட்டுப் போரும் வாட்டும் தென் சூடான், சோமாலியா போன்ற நாடுகள் சேர்ந்துள்ள இந்நிலையில், முன்னேறிய உறுப்பு நாட்டுக்கும் பின்தங்கிய உறுப்பு நாட்டுக்கும் இடையிலான இடைவெளி 1967இல் இருந்ததைக் காட்டிலும் பெரிது. எனவே பின்தங்கிய நாடுகளுக்கு நீண்ட கால அவகாசம், வளர்ச்சி வங்கிக்குப் போதிய மூலதனம், பொருளாதார ஆற்றலுக்கேற்ற சந்தா ஆகிய மூன்றும் புதிய சமூகம் மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும். இவற்றை அமைதிக் காலத்திலேயே நிறைவேற்றினால்தான் அடுத்த நெருக்கடியை அச்சமூகம் தாங்கி நிற்கும்.